கார்ட்டியூட்டி பட்டியல் காலியாக வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் வங்கி, காப்பீடு, லாஜிஸ்டிக்ஸ் என்று எந்த நிறுவனத்தில் கிளவுட் வேலை பார்த்தாலும் தணிக்கைக் காலம் வந்துவிட்டால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "நம் கணக்குகள் எல்லாவற்றிலும் கார்ட்டியூட்டி ஓடுகிறதா? பட்டியல் கொடுங்கள்." அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸில் சந்தேகமான நடமாட்டத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் சேவைதான் கார்ட்டியூட்டி. கன்சோல் என்ற இணைய நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு ரீஜனாக (ஏடபிள்யூஎஸ்ஸின் புவியியல் மண்டலமாக) சொடுக்கிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஏடபிள்யூஎஸ் கமாண்ட் லைன் கருவியைத் திறந்து ஒரு வரி அடிப்போம்.

அந்த ஒரு வரி பல விதங்களில் மக்கர் பண்ணும். சிவப்பாகப் பிழைச் செய்தி வந்தால் பெரிய கவலை இல்லை. செய்தியை முழுதாகப் படித்தால் பாதி விடை அதிலேயே இருக்கும். எந்தப் பிழையும் இல்லாமல் காலியான பட்டியல் வருவதுதான் உண்மையில் ஆபத்து. "ஒன்றும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். அங்கே காவலே போடப்பட்டிருக்காது. அதனால் காலிப் பட்டியல்களை முதலில், கொஞ்சம் விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். ஆப்ஷன் பெயருக்கு முன்னால் இரண்டு கோடு வரும்.

எதையும் சரிசெய்யும் முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று கட்டளைகளை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

`ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி`

இந்த நிமிடம் நீங்கள் யாராக, எந்தக் கணக்குக்குள் இருக்கிறீர்கள் என்பதை இது சொல்லும். 12 இலக்கக் கணக்கு எண், பயனர் ஐடி, ஏஆர்என் (உங்கள் அடையாளத்தின் முழுப் பெயர்) மூன்றும் வரும். இதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. பாலிசியில் (அனுமதி விதிகளில்) மறுத்திருந்தாலும் வேலை செய்யும். ஆக, இதுவே தோற்றால் சிக்கல் கார்ட்டியூட்டியில் இல்லை, உங்கள் சான்றுகளில் இருக்கிறது.

`ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர் லிஸ்ட்`

புரொஃபைல் (பெயரிட்டுச் சேமித்த அமைப்புத் தொகுப்பு), ஆக்சஸ் கீ, ரீஜன் ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று இது காட்டும். கோப்பிலிருந்தா, சூழல் மாறியிலிருந்தா என்பதைச் சொல்லும் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். கட்டளை வரியில் கொடுத்த ஆப்ஷன் எல்லாவற்றையும் வெல்லும். அதற்கு அடுத்து சூழல் மாறி, அதற்கும் கீழே கோப்பு. காலையில் வேறு வேலைக்காக எக்ஸ்போர்ட் செய்த ரீஜன் மாறி அதே ஜன்னலில் அப்படியே கிடந்தால், கோப்பில் நீங்கள் எவ்வளவு திருத்தினாலும் பலன் இருக்காது.

மூன்றாவது, ஏடபிள்யூஎஸ் என்று அடித்து வெர்ஷன் ஆப்ஷனைக் கொடுப்பது. முதல் பதிப்பா இரண்டாம் பதிப்பா என்று தெரிந்துவிடும். கீழே சொல்லும் சில விஷயங்கள் அதைப் பொறுத்து மாறும்.

அறிகுறி: டிடெக்டர் பட்டியல் காலி, பிழை எதுவும் இல்லை

`ஏடபிள்யூஎஸ் கார்ட்டியூட்டி லிஸ்ட்-டிடெக்டர்ஸ்`

ஒரு ரீஜனில் கார்ட்டியூட்டியை இயக்கினால் உருவாகும் பதிவுதான் டிடெக்டர். விடையாக டிடெக்டர் ஐடிகள் என்ற பெயரும், பக்கத்தில் வெற்றுச் சதுர அடைப்பும் வருகின்றன. இதற்கு ஒரே பொருள்தான்: நீங்கள் கேட்ட கணக்கில், நீங்கள் கேட்ட ரீஜனில் கார்ட்டியூட்டி இயக்கப்படவில்லை. கணக்கு பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கார்ட்டியூட்டி ரீஜன் வாரியாக இயங்கும் சேவை. ஒரு கணக்கில் ஒரு ரீஜனுக்கு ஒரே ஒரு டிடெக்டர்தான் இருக்க முடியும். சிங்கப்பூர் ரீஜனான ஏபி-சவுத்ஈஸ்ட்-1 என்பதில் இயக்கியிருந்தால் அது சிங்கப்பூருக்கு மட்டும்தான். ஜகார்த்தாவுக்கும் சிட்னிக்கும் தனித்தனியே இயக்க வேண்டும்.

ஆகவே முதலில் ரீஜனைப் பாருங்கள். வரியின் கடைசியில் ரீஜன் ஆப்ஷனை வெளிப்படையாகக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது ஐடி வந்துவிட்டால் உங்கள் இயல்பு ரீஜன் வேறாக இருந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் வடக்கு வர்ஜீனியாவை இயல்பு ரீஜனாக வைத்து எழுதப்பட்டவை. அதை அப்படியே பின்பற்றி கான்ஃபிகர் செய்த மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கும்.

ரீஜன் சரியாக இருந்தும் காலி என்றால் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன எஸ்டிஎஸ் கட்டளை காட்டிய 12 இலக்கம் நீங்கள் நினைத்த கணக்குதானா? டெவலப்மென்ட், ஸ்டேஜிங், புரொடக்ஷன் என்று மூன்று கணக்குகள் இருக்கும் இடத்தில் புரொஃபைல் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் அங்கே காவல் உண்மையிலேயே இல்லை. இந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது. எல்லா ரீஜன்களையும் பார்த்துவிட வேண்டும். இசி2 (வாடகை சர்வர்) சேவையின் டிஸ்கிரைப்-ரீஜன்ஸ் கட்டளை, உங்கள் கணக்கில் திறந்திருக்கும் ரீஜன்களின் பெயர்களைத் தரும். பெயர்களை மட்டும் டெக்ஸ்ட் வடிவில் எடுத்து, ஷெல்லில் ஒரு ஃபார் லூப் போட்டு, ஒவ்வொரு பெயரையும் திரையில் எழுதிவிட்டு அந்த ரீஜனுக்கான லிஸ்ட்-டிடெக்டர்ஸை ஓட்டுங்கள். பெயரை எழுதும் அந்த எக்கோ வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் டெக்ஸ்ட் வடிவில் காலியான ரீஜன் எதையுமே அச்சிடாது. பத்து ரீஜன்களுக்கு ஓட்டி மூன்று ஐடிகள் வந்தால், எந்த ஏழில் இல்லை என்று தெரியாமல் போகும். நமக்கு வேண்டியது அந்த ஏழும்தானே.

"நாங்கள் சிங்கப்பூர் ரீஜனை மட்டும்தான் பயன்படுத்துகிறோம், மற்றதில் எதற்கு?" என்று கேட்பார்கள். நீங்கள் பயன்படுத்தாத ரீஜனை, திருடிய சாவியோடு வருகிறவர் பயன்படுத்துவார். யாரும் எட்டிப் பார்க்காத ரீஜனில் பெரிய சர்வர்களை ஏற்றி கிரிப்டோ மைனிங் ஓட்டுவது நன்கு தெரிந்த வழக்கம். பயன்பாட்டில் இல்லாத ரீஜன்களிலும் கார்ட்டியூட்டியை இயக்கி வைக்கும்படி ஏடபிள்யூஎஸ்ஸே அழுத்திச் சொல்கிறது. ஐஏஎம் (பயனர், அனுமதி நிர்வாகம்) போல உலகம் முழுதுக்கும் பொதுவான சேவைகளில் நடப்பதைக் கண்காணிக்கவும் அது உதவும்.

அறிகுறி: டிடெக்டர் ஐடி வருகிறது, ஆனால் ஃபைண்டிங் ஒன்றுகூட இல்லை

கார்ட்டியூட்டி கண்டுபிடித்துப் பதிவுசெய்யும் ஒவ்வொரு எச்சரிக்கையும் ஒரு ஃபைண்டிங். ஐடி இருப்பதாலேயே காவல் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கார்ட்டியூட்டியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தாலும் ஐடி பட்டியலில் தொடர்ந்து வரும். ஆகவே அடுத்த படியாக கெட்-டிடெக்டர் கட்டளையை அந்த ஐடியோடு ஓட்டி, ஸ்டேட்டஸ் என்ற வரியைப் பாருங்கள். எனேபிள்டு என்று இருக்க வேண்டும். டிசேபிள்டு என்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார், எப்போது என்பதை கிளவுட்டிரெயிலில் (கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவேட்டில்) அப்டேட்-டிடெக்டர் நிகழ்வைத் தேடிப் பிடியுங்கள். செலவைக் குறைக்கச் செய்தார்களா, வேறு யாராவது கை வைத்தார்களா என்று தெரிந்தாக வேண்டும்.

நிறுத்தி வைப்பதும் டிடெக்டரை அழிப்பதும் ஒன்றல்ல. அழித்துவிட்டால் பழைய ஃபைண்டிங்குகளும் அமைப்புகளும் சேர்ந்தே போய்விடும், மீட்க முடியாது. "ஏதோ சிக்கல், டிடெக்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்ப்போம்" என்று தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம். விசாரணைக்கு வேண்டிய சாட்சியமே அதில்தான் இருக்கக்கூடும்.

அதே வெளியீட்டில் ஃபீச்சர்ஸ் என்ற பகுதியையும் படியுங்கள். கிளவுட்டிரெயில், டிஎன்எஸ் பதிவு, விபிசி ஃப்ளோ பதிவு (நெட்வொர்க் போக்குவரத்து) மூன்றும் அடிப்படை. எஸ்3 (கோப்புச் சேமிப்பு) தரவு நிகழ்வுகள், ஈகேஎஸ் (கன்டெய்னர்) தணிக்கைப் பதிவு, ஆர்டிஎஸ் (தரவுத்தளம்) உள்நுழைவு, லாம்டா, ரன்டைம் கண்காணிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி சுவிட்ச் உண்டு. கன்டெய்னரில் நடந்ததற்கு ஃபைண்டிங் வரவில்லை என்று தவிப்பவர்கள் பலருக்கு ஈகேஎஸ் சுவிட்ச் அணைந்திருக்கும்.

ஸ்டேட்டஸ் சரி, சுவிட்சுகளும் சரி, ஆனால் பட்டியல் காலி. அப்படியானால் ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம், அதுவும் சாத்தியம்தான். ஆனால் ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கிரியேட்-சாம்பிள்-ஃபைண்டிங்ஸ் என்ற கட்டளை மாதிரி ஃபைண்டிங்குகளை உருவாக்கும். வகை ஒன்றைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எல்லா வகைகளையும் உருவாக்கித் தள்ளிவிடும். தலைப்பில் சாம்பிள் என்ற குறி இருக்கும். ஓட்டும் முன் இரவு ஷிப்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்கள் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும். மாதிரி வந்துவிட்டால் குழாய் அடைப்பு இல்லை என்று நிம்மதியாக எழுதலாம்.

ஒரு வரம்பு நினைவில் இருக்கட்டும்: கார்ட்டியூட்டி ஃபைண்டிங்குகளை 90 நாள்தான் வைத்திருக்கும். ஆண்டு முழுவதற்கும் தணிக்கையாளர் கேட்டால் லிஸ்ட்-ஃபைண்டிங்ஸிலிருந்து எடுக்க முடியாது. முன்கூட்டியே எஸ்3 பக்கெட்டுக்கு ஏற்றுமதி அமைத்திருக்க வேண்டும். இன்றே அமைத்துவிடுங்கள், கழிந்த நாள்களை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அறிகுறி: கன்சோலில் ஒரு எண்ணிக்கை, கமாண்ட் லைனில் வேறு எண்ணிக்கை

கமாண்ட் லைனில் அதிகம் வந்தால் காரணம் பெரும்பாலும் ஆர்க்கைவ், அதாவது ஒதுக்கி வைத்த ஃபைண்டிங்குகள். லிஸ்ட்-ஃபைண்டிங்ஸில் சர்வீஸ் டாட் ஆர்க்கைவ்டு என்ற நிபந்தனையைக் கொடுக்காவிட்டால் ஆர்க்கைவ் ஆனதும் ஆகாததும் சேர்ந்தே வரும். கன்சோல் திறந்ததும் காட்டுவது நடப்பில் உள்ளவற்றை மட்டும். நிபந்தனையில் ஃபால்ஸ் என்று போட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

போடும் முன் அந்த ஆர்க்கைவையும் ஒருமுறை புரட்டுங்கள் என்பேன். சப்ரெஷன் விதி ஒன்றை யாராவது அகலமாக எழுதி வைத்திருந்தால், புதிதாக வரும் ஃபைண்டிங்குகள் தாமாகவே ஆர்க்கைவுக்குப் போய்விடும், ஒருவர் கண்ணிலும் படாது. லிஸ்ட்-ஃபில்டர்ஸ் கட்டளையால் எல்லா ஃபில்டர்களின் பெயர்களையும், கெட்-ஃபில்டர் கட்டளையால் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் பார்க்கலாம். ஆக்ஷன் என்ற இடத்தில் ஆர்க்கைவ் என்று இருப்பவைதான் சப்ரெஷன் விதிகள்.

எண்ணிக்கையே குழம்பினால் வெளியீட்டு வடிவத்தைப் பாருங்கள். லிஸ்ட்-ஃபைண்டிங்ஸ் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 50 ஐடிகள் தரும். கருவி தானே அடுத்தடுத்த பக்கங்களை வாங்கிச் சேர்க்கும். ஆனால் டெக்ஸ்ட் வடிவத்தில் கேட்டால் குவெரி ஆப்ஷன் (வெளியீட்டிலிருந்து வேண்டியதை மட்டும் எடுப்பது) ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே ஓடும். 117 ஃபைண்டிங்குகள் இருக்கும் கணக்கில் நீளத்தைக் கேட்டால் 50, 50, 17 என்று மூன்று வரிகள் வரும். ஸ்கிரிப்ட் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் அறிக்கையில் 50 என்றே போகும். ஜேசன் வடிவத்தில் கேளுங்கள், 117 என்று ஒரே எண்ணாக வரும்.

சரியாக 50-இல் நின்றுவிட்டால் யாரோ மேக்ஸ்-ரிசல்ட்ஸ் அல்லது நோ-பேஜினேட் ஆப்ஷனைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டில் எதைக் கொடுத்தாலும் தானாகப் பக்கம் புரட்டுவது நின்றுவிடும். எடுத்துவிடுங்கள்.

லிஸ்ட்-ஃபைண்டிங்ஸ் ஐடிகளை மட்டும்தான் தரும். விவரம் வேண்டுமானால் கெட்-ஃபைண்டிங்ஸுக்கு அந்த ஐடிகளைக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 50 ஐடிகள்தான், அதற்கு மேல் கொடுத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும்.

அறிகுறி: உள்ளீட்டு டிடெக்டர் ஐடி இந்தக் கணக்குக்குச் சொந்தமில்லை என்று நிராகரிப்பு

செய்தி கணக்கைக் குறை சொல்லும். குற்றவாளி பெரும்பாலும் ரீஜன்தான். சிங்கப்பூரில் எடுத்த ஐடியை சிட்னிக்கு அனுப்பினால் இதே செய்தி வரும். ஐடியை ஸ்கிரிப்டில் நேராக எழுதி வைக்காமல், ஒவ்வொரு ரீஜனிலும் லிஸ்ட்-டிடெக்டர்ஸ் வழியாக எடுத்து மாறியில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

அறிகுறி: அனுமதி மறுப்பு

ஆக்சஸ் டினைடு என்ற சொற்களைப் பார்த்ததும் நிர்வாகிக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். செய்தியின் கடைசிவரை படியுங்கள். யார், எந்தச் செயல், எந்த வளம், ஏன் என்று நான்கும் அதில் இருக்கும். அந்த "ஏன்" பகுதிதான் யாரிடம் போக வேண்டும் என்று சொல்கிறது.

அடையாளம் சார்ந்த பாலிசி எதுவும் அனுமதிக்கவில்லை என்றால் உங்கள் ரோலில் (நீங்கள் ஏற்றிருக்கும் அனுமதி அடையாளத்தில்) அனுமதி சேர்க்கப்படவில்லை. பட்டியல் எடுப்பதற்கு அமேசான் கார்ட்டியூட்டி ரீட் ஒன்லி ஆக்சஸ் என்ற தயார்நிலைப் பாலிசியே போதும். வேலை அவசரம் என்று முழு அனுமதி கேட்காதீர்கள். பட்டியல் பார்க்கும் கைக்கு டிடெக்டரை அழிக்கும் அதிகாரம் எதற்கு?

சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசியில் வெளிப்படையான மறுப்பு என்று இருந்தால் உங்கள் ரோலில் எதைச் சேர்த்தும் பயனில்லை. தடை அமைப்பு மட்டத்தில், அதாவது நிறுவனத்தின் கணக்குகளை ஒன்றுசேர்த்த ஆர்கனைசேஷன் மட்டத்தில் இருக்கிறது. தரவு நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக சிங்கப்பூர் தவிர மற்ற ரீஜன்களை இப்படி மூடி வைப்பது இங்கே பரவலான ஏற்பாடு. மேலே சொன்ன லூப்பை ஓட்டும்போது சிங்கப்பூரில் ஐடியும் மற்ற எல்லா இடத்திலும் மறுப்பும் வந்தால் இதுதான் காரணம். அறிக்கையில் "டிடெக்டர் இல்லை" என்று எழுதாமல் "பார்க்க முடியவில்லை, பாலிசி தடுக்கிறது" என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு தகவல்கள். இன்னொன்றும் உண்டு: சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி அமைப்பின் தலைமைக் கணக்கைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கணக்கில் மற்ற ரீஜன்களை இந்தப் பாலிசியால் மூட முடியாது. அங்கே தனியாக ஒருமுறை லூப்பை ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: டோக்கன் செல்லாது, அல்லது காலாவதி

காலாவதி என்று வந்தால் நேரடியான விஷயம், மறுபடி உள்நுழையுங்கள். எஸ்எஸ்ஓ (ஒற்றை உள்நுழைவு) பயன்படுத்துகிறவர்களுக்கு ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்ஓ லாகின், பின்னால் புரொஃபைல் பெயர். ஒரு ரோலிலிருந்து இன்னொரு ரோலுக்குத் தாவியிருந்தால் அந்த அமர்வு அதிகபட்சம் 1 மணி நேரம்தான். நீண்ட லூப் பாதியில் அறுந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"செல்லாது" என்று வருவதில்தான் குழப்பம் அதிகம். சிங்கப்பூரில் வேலை செய்யும் அதே சான்று மலேசியாவிலோ ஜகார்த்தாவிலோ செல்லாது என்று வருகிறதா? 2019 மார்ச் 20-க்குப் பிறகு வந்த ரீஜன்கள் நாமாகத் திறந்தால்தான் திறக்கும். ஜகார்த்தா 2021 டிசம்பரிலும், மலேசியா 2024 ஆகஸ்ட்டிலும், தாய்லாந்து 2025 ஜனவரியிலும் வந்தவை. மூன்றும் இந்த வகைதான். ரீஜன் கணக்கில் திறக்கப்படவில்லை என்பதைக் கருவி நேரடியாகச் சொல்லாமல் டோக்கன் செல்லாது என்று சொல்கிறது. கணக்கு அமைப்பில் அந்த ரீஜன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தும் இப்படி வந்தால், டோக்கனை எஸ்டிஎஸ் என்ற தற்காலிகச் சான்று தரும் சேவையின் உலகளாவிய முகவரியிலிருந்து வாங்கியிருக்கக்கூடும். ரீஜன் முகவரியிலிருந்து வாங்கினால் சரியாகிவிடும்.

எல்லா ரீஜனிலும் செல்லாது என்று வந்தால் சூழல் மாறிகளைப் பாருங்கள். புதிய ஆக்சஸ் கீயும் சீக்ரெட் கீயும் எக்ஸ்போர்ட் செய்திருப்பீர்கள், பழைய செஷன் டோக்கன் மாறி மட்டும் அப்படியே இருக்கும். புதுச் சாவியோடு பழைய டோக்கன் சேர்ந்து போகும். மூன்றையும் அன்செட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கையொப்பம் காலாவதி என்று வந்தால் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பொதுவாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் ஏடபிள்யூஎஸ் ஏற்காது. மடிக்கணினியை மூடித் திறந்த பிறகு விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில் இது வரும். டேட் கட்டளையை ஓட்டிச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

அறிகுறி: எண்ட்பாயிண்ட் முகவரியோடு இணைக்க முடியவில்லை

செய்தியில் உள்ள முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஏபி-சவுத்ஈஸ்ட்-1ஏ என்று இருக்கிறதா? அது ரீஜன் இல்லை, ரீஜனுக்குள் இருக்கும் அவைலபிலிட்டி ஸோன். கடைசி எழுத்தை எடுங்கள். கோடு விட்டுப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முகவரி சரி என்றால் அலுவலக நெட்வொர்க். பிராக்ஸி வழியாகத்தான் வெளியே போக முடியும் என்றால் அதற்கான சூழல் மாறியை அமைக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி என்று வந்தால், நிறுவனம் நெட்வொர்க் போக்குவரத்தின் குறியாக்கத்தைப் பிரித்துச் சோதிக்கிறது. நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்பை ஐடி குழுவிடம் வாங்கி ஏடபிள்யூஎஸ் சிஏ பண்டில் மாறியில் கொடுங்கள். சரிபார்ப்பையே அணைக்கும் ஆப்ஷன் ஒன்று உண்டு. பாதுகாப்புக் கண்காணிப்பைப் பட்டியலிடும் வேலையில் அதைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: ஃபில்டர் வேலை செய்யவில்லை, அல்லது எல்லாவற்றையும் கொட்டுகிறது

ஜேசன் தவறு என்று வந்தால் மேற்கோள் குறிதான். லினக்ஸில் ஓடும் வரி பவர்ஷெல்லில் ஓடாது. மல்லுக்கட்டாதீர்கள். நிபந்தனையை ஒரு கோப்பில் எழுதி, ஃபைல் என்று தொடங்கும் முகவரியாகக் கொடுங்கள், எந்த ஷெல்லிலும் ஓடும். கடுமையானவற்றை மட்டும் எடுக்க செவெரிட்டி 7 அல்லது அதற்கு மேல் என்று கேளுங்கள். 7.0 முதல் 8.9 வரை ஹை, 9.0 முதல் கிரிட்டிக்கல். ஸ்கிரிப்டில் 8.9 என்று மேல் வரம்பு போட்டு வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள், முக்கியமானவைதான் தவறிப்போகும்.

நேரத்தை வைத்து வடிகட்டும்போது எல்லாமே கொட்டினால், எண்ணின் நீளத்தைப் பாருங்கள். அப்டேட்டட்-அட் நிபந்தனை மில்லிவிநாடியில் கேட்கிறது, 13 இலக்கம். டேட் கட்டளை தருவது விநாடி, 10 இலக்கம். 10 இலக்கத்தை அப்படியே கொடுத்தால் அது 1970 ஜனவரி என்று ஆகிவிடும். அதற்குப் பிந்தையது எல்லாமே வரத்தானே செய்யும். கடைசியில் மூன்று பூஜ்யம் சேருங்கள்.

உருவான நேரத்தைவிடப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தால் வடிகட்டுவதே நல்லது. அதே தாக்குதல் மறுபடி நடந்தால் கார்ட்டியூட்டி புது ஃபைண்டிங் போடாமல், பெரும்பாலும் பழையதன் எண்ணிக்கையைக் கூட்டி நேரத்தைப் புதுப்பிக்கும். உருவான நேரத்தால் தேடினால் சென்ற மாதம் தொடங்கி இன்றும் நடந்துகொண்டிருப்பது உங்கள் பட்டியலில் வராது.

நேரம் பற்றி இன்னொன்று. எங்கள் குழுவில் ஒரு தம்பி ஒரு ஃபைண்டிங்கைக் காட்டி, "அண்ணே, நேத்து சாயங்காலம் 5:40-னு போட்டிருக்கு. அப்ப நாங்க எல்லாரும் ஆபிஸ்லதான் இருந்தோம், யாரோ டெஸ்ட் பண்ணியிருப்பாங்க" என்றார். நேரத்தின் கடைசியில் இசட் என்ற எழுத்து இருந்தது. "அது யுடிசி தம்பி, எட்டு மணி நேரம் கூட்டுங்க" என்றேன். 17:40 என்பது சிங்கப்பூரில் மறுநாள் அதிகாலை 1:40. ஆபிஸில் ஒருவரும் இல்லாத நேரம். அந்த ஃபைண்டிங்கை மூடாமல் அன்றே விசாரணைக்கு எடுத்துக்கொண்டோம். நிதி நிறுவனங்களுக்கு இது இன்னும் முக்கியம். கடுமையான சம்பவம் தெரியவந்தால் 1 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 14 நாளுக்குள் மூலக்காரண அறிக்கை தர வேண்டும். அதில் எழுதும் நேரங்கள் எட்டு மணி நேரம் தள்ளிப் போனால் மொத்தக் கதையும் மாறிவிடும்.

அறிகுறி: உறுப்பினர் கணக்குகளின் பட்டியல் குறைவாக வருகிறது

உறுப்பினர் கணக்குகளைப் பட்டியலிடும் லிஸ்ட்-மெம்பர்ஸை, கார்ட்டியூட்டியின் நிர்வாகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட கணக்கிலிருந்து ஓட்டுங்கள். அந்த நிர்வாகியை ரீஜன் வாரியாக நியமிக்க வேண்டும் என்பதால், சிங்கப்பூரில் முழுப் பட்டியலும் வேறு ரீஜனில் ஒன்றுமே இல்லாமலும் வரலாம். இன்னொரு காரணம் ஒன்லி-அசோசியேட்டட் ஆப்ஷன். ஃபால்ஸ் என்று கொடுத்தால் அழைப்பு போகாதவையும் பிரிந்து போனவையும் சேர்ந்து வரும். ஒவ்வொரு கணக்கின் ரிலேஷன்ஷிப் ஸ்டேட்டஸையும் பாருங்கள், அமைப்பின் மொத்தக் கணக்குப் பட்டியலோடு ஒப்பிட்டு விட்டுப்போனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

வெளியீடு வந்து திரை உறைந்ததுபோல நின்றால் கருவி உறையவில்லை. இரண்டாம் பதிப்பு வெளியீட்டைப் பேஜர் (பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்) வழியாகக் காட்டுகிறது, க்யூ எழுத்தை அழுத்தினால் வெளியே வந்துவிடும். ஸ்கிரிப்டில் நோ-சிஎல்ஐ-பேஜர் ஆப்ஷனைச் சேருங்கள்.

புரொஃபைல் கிடைக்கவில்லை என்றால் கோப்பில் தலைப்பைப் பாருங்கள். கான்ஃபிக் கோப்பில் பெயருக்கு முன் புரொஃபைல் என்ற சொல் வேண்டும், கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் வேண்டாம்.

கட்டளையே தெரியாது, செல்லாத தேர்வு என்று வந்தால் எழுத்துப்பிழை இல்லையென உறுதிசெய்துவிட்டுக் கருவியைப் புதுப்பியுங்கள். பிப் வழியாக எப்போதோ நிறுவிய முதல் பதிப்பு பாத் மாறியில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் வரிசையில்) முன்னால் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

அதே கட்டளையின் கடைசியில் டீபக் ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் பிடியுங்கள். எந்த முகவரிக்குப் போனது, சான்று எங்கிருந்து வந்தது, என்ன பதில் வந்தது எல்லாம் அதில் இருக்கும். கோரிக்கை ஐடி, யுடிசி நேரம், ரீஜன், கணக்கு எண் நான்கையும் எடுத்து ஆதரவுக் குழுவுக்கு அனுப்பினால் போதும்.

அந்தக் கோப்பை முழுதாக வாட்ஸ்அப் குழுவிலோ டிக்கெட்டிலோ போட்டுவிடாதீர்கள். கோரிக்கையின் தலைப்பு வரிகளில் உங்கள் செஷன் டோக்கன் அப்படியே இருக்கும். தவறிப் போட்டுவிட்டால் செய்தியை அழிப்பதோடு நிற்காமல், அந்த ரோலின் நடப்பு அமர்வுகளை ஐஏஎம்மில் உடனே ரத்து செய்யச் சொல்லுங்கள்.